பாலில் விழுந்த மிளகு: மருத்துவ முகாம் நடத்தும் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாநகரிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரங்களிலும் இலவச மருத்துவ முகாம் நடத்திவரும் வணிகர் சங்கங்கள், அறக்கட்டளைகள், ஊர்க் கமிட்டிகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒளியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். அண்மைக் காலமாக உங்களில் சிலருடைய முகாம்களில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் போடும் மேசைகளை அடுத்து, 'வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, ஐந்தே நிமிடத்தில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை' என்ற தட்டியோடு இன்னொரு மேசையும் இடம்பெறுகிறது. திரை கட்டி இருட்டாக்கிய அறையில், சிவப்பு விளக்குப் பொருத்திய ஒரு கைக்கருவியை மார்பின் அடியில் அழுத்தி வைத்து, மேற்புறம் கசிந்து தெரியும் வெளிச்சத்தில் கறுப்பாக ஏதேனும் தென்படுகிறதா என்று பார்க்கிறார்கள். தென்படாவிட்டால் சீட்டில் 'நார்மல்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான் இம்மடல்.

மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அப்படி ஒரு சீட்டு கிடைத்தது. குளிக்கும்போது இடப்பக்கம் வறுகடலை அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்பட்டதை அவர் எவரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் வைத்திருந்து, ஊர்க் கல்யாண மண்டபத்தில் முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனதைக் கேட்டு, தாமாகவே போய் வரிசையில் நின்றிருக்கிறார். கட்டி தட்டுப்படுவதை அங்கேயும் சொல்லியிருக்கிறார். விளக்கு வைத்துப் பார்த்தவர், 'ஒன்றும் தெரியவில்லை அம்மா, பயப்படாதீர்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சீட்டை நான்காக மடித்துச் சுருக்குப் பையில், ரேஷன் அட்டையின் நகலோடு வைத்திருந்தார் அக்கா. ஏழு மாதம் கழித்து எங்களுக்குத் தெரியவந்தபோது கட்டி பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்து, அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. பயாப்சி, அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து இப்போது தேறி வருகிறார். முகாம் நடத்தியவர்கள் எவர் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் நடத்தினார்கள், மதியம் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடும் போட்டார்கள். ஆனால் கீமோ ஏறிக்கொண்டிருந்த ஒரு நாளில் அக்கா என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது: "தம்பி, நீ இதைத்தானே வாத்தியாரா நின்னு நடத்துன? வெளிச்சம் போட்டுப் பாத்தாகளே, அதுல ஏன்டா தெரியாமப் போச்சு?"

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முகாம் என்றால் மதுரை மக்கள் நம்பி வருவதற்குக் காரணம் கண் முகாம்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் போட்டுக் கண்புரையைக் கண்டுபிடித்து, ஆட்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய், பார்வையோடு திருப்பி அனுப்பியதை நம் வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் அறிவார்கள். அங்கே டார்ச் அடித்துப் பார்த்தால் நோய் தெரிகிறது, ஏனென்றால் கண் என்பது ஒளி நேராக உள்ளே போய் வருவதற்காகவே அமைந்த உறுப்பு. கண்புரை என்பதே ஓர் ஒளிச்சிதறல் நோய்தான்: கண்ணாடிபோல் இருந்த விழிவில்லையின் புரதங்கள் திரண்டு கட்டிக்கொள்வதால், நேராகப் போக வேண்டிய ஒளி நாலா பக்கமும் தெறித்து, பார்வை பனிமூட்டமாகிறது. சிதறடிக்கும் அந்த வில்லையை எடுத்துவிட்டுத் தெளிந்த வில்லையை வைத்தால் பார்வை திரும்புகிறது. மார்பிலோ கழுத்திலோ இருக்கும் கட்டியைப் பார்க்க முயலும்போது குறுக்கே நிற்பது நம் தசையும் கொழுப்பும் தோலும். அவற்றை எடுத்துவிட்டுப் பார்க்க இயலாது. கண் முகாமில் வேலை செய்த அதே வெளிச்சம் மார்பகத்திலும் வேலை செய்யும் என்று நினைத்தால், கண்ணையும் சதையையும் ஒன்றாக எண்ணுகிறோம் என்று பொருள்.

இன்று இரவு மின்சாரம் போகும்போது, கைபேசியின் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தி வைத்துப் பாருங்கள். கை முழுவதும் செக்கச் செவேலென்று ஒளிரும். இவ்வளவு வெளிச்சம் கடந்து வருகிறதே, உள்ளே இருக்கும் எலும்புகளின் நிழல் எங்கே? ஒரு விரல் எலும்புகூடத் தெரியாது. எலும்பு அங்கேதான் இருக்கிறது, வெளிச்சமும் அதைக் கடந்தும் சுற்றியும்தான் வந்திருக்கிறது. ஆனால் வந்த வழியை மறந்துவிட்டு வந்திருக்கிறது.

அக்காவுக்கு இதைப் புரியவைக்க, அவர் வீட்டு அடுப்படியிலேயே ஒரு சோதனை செய்து காட்டினேன். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு மிளகை ஊசி நூலில் கோத்து நடுவில் தொங்கவிட்டு, பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். மிளகு கறுப்புப் பொட்டாகத் துல்லியமாகத் தெரிந்தது. ஐந்தாறு சொட்டுப் பால் விட்டதும் தண்ணீர் இலேசாக நீலம் பூத்தது. பொட்டின் விளிம்பு மங்கியது. இன்னும் சில சொட்டுக்குப் பிறகு அது பொட்டு என்று சொல்ல முடியாத ஒரு கறை. ஒரு கரண்டிப் பால் ஊற்றியதும் டம்ளர் முழுக்க ஒரே சீராக ஒளிர்ந்ததே தவிர, மிளகு இருந்த சுவடே இல்லை. பிறகு நூலை மெல்ல இழுத்து, மிளகு எங்கள் பக்கத்துக் கண்ணாடியைத் தொடும்படி கொண்டுவந்தேன். சட்டென்று மறுபடியும் தெரிந்தது. அக்கா டம்ளரை வாங்கி, தாமே நூலை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப என்னோடது உள்ளாற இருந்திருக்கு" என்றார்.

ஆய்வுக்கூடங்களில் செய்வதும் ஏறக்குறைய இதுதான். மனிதத் தசைக்குப் பதிலாக அங்கே பால் போன்ற கொழுப்புக் குழம்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் தசைக்குள் நுழையும் ஒளித்துகள் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தொலைவுக்கு ஒருமுறை, உயிரணுக்களிலும் அவற்றின் உள்ளுறுப்புகளிலும் இழைகளிலும் மோதிச் சிதறுகிறது. ஒவ்வொரு மோதலிலும் அது பெரும்பாலும் முன்னோக்கியே சிறிது விலகுகிறது என்பதால், வந்த திசையை முற்றிலும் மறக்க ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆகிறது. நான்கைந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள மார்பகத்தைக் கடப்பதற்குள் அது எத்தனை முறை திசை மாறியிருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சிவப்பையும் அதை அடுத்த அகச்சிவப்பையும், அதாவது ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களை, ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், அதற்குக் கீழே உள்ள நிறங்களை இரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது, அதற்கு மேலே உள்ளவற்றைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது. இடைப்பட்ட அந்தச் சன்னலில் ஒளி உட்கொள்ளப்படுவது குறைவு, சிதறுவது பெரிதாகக் குறைவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிவது புற்றுநோய் அன்று, இரத்தம். வளரும் கட்டி தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்வதால் அவ்விடத்தில் ஹீமோகுளோபின் கூடுகிறது, அது ஒளியை அதிகம் உட்கொள்கிறது என்பதே கருவியின் அடிப்படை. அடிபட்டு இரத்தம் கட்டிய இடமும், சீழ்ப்பிடித்த இடமும், தோலுக்கடியில் ஓடும் சாதாரண இரத்தக் குழாயும்கூட அதே கறுப்பைத்தான் காட்டும். இரத்தம் அதிகம் சேராத புற்றுக்கட்டியோ, சிறியதோ, மார்புச்சுவரை ஒட்டி ஆழத்தில் இருப்பதோ எந்தக் கறுப்பையும் காட்டாமல் போகலாம்.

இது புதிய கருவி என்று உங்களிடம் சொல்லியிருந்தால் அதுவும் சரியன்று. மார்பகத்தின் ஊடாக விளக்கு வைத்துப் பார்க்கும் முறையை நியூயார்க்கில் மாக்ஸ் கட்லர் என்ற அறுவை மருத்துவர் 1929இலேயே எழுதிவைத்திருக்கிறார். 1970களிலும் 1980களிலும் அகச்சிவப்புக் கேமராக்களோடு அது மறுபடியும் எடுத்துப் பார்க்கப்பட்டு, எக்ஸ் கதிரால் மார்பகத்தைப் படமெடுக்கும் மாமோகிராமோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, குறிப்பாகச் சிறிய கட்டிகளைத் தவறவிட்டதால் கைவிடப்பட்டது. மாமோகிராமும் குறையற்றது அன்று. அடர்த்தியான மார்பகம் உள்ள இளம்பெண்களுக்கு அதில் பல நேரம் தெளிவு கிடைப்பதில்லை, அதனால்தான் அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனையும் சேர்த்துச் செய்கிறார்கள். ஆனாலும் எக்ஸ் கதிர் சதைக்குள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது என்பதால், அது தரும் நிழல் உண்மையான நிழல்.

ஒளியைக் கொண்டு ஆழத்தைப் பார்க்கும் அறிவியலை நான் குறைத்துச் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். வாழ்நாள் முழுவதும் அதை வியந்தே வந்திருக்கிறேன். மார்பகத்தைச் சுற்றிப் பல இடங்களில் ஒளியைச் செலுத்தி, பல இடங்களில் வெளிவருவதை அளந்து, வந்த ஒளியிலிருந்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டு மீட்டெடுக்கும் முறை இருக்கிறது. அந்தக் கணக்கின் வேரில் இருப்பது, விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஒளி சிதறி வெளிவருவதற்குச் சென்னையில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் வகுத்துச் செம்மையாக்கிய கதிர்வீச்சுக் கடத்தல் கணிதம்தான் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் வரும். ஆனால் அம்முறையில் கிடைக்கும் படத்தின் துல்லியம் 5 முதல் 10 மில்லிமீட்டர்; கீமோவுக்குக் கட்டி எப்படி இணங்குகிறது என்று வாரவாரம் கவனிப்பது போன்ற பணிகளுக்கு அதை ஆராய்ந்து வருகிறார்கள். ஒளித்துடிப்பை உள்ளே அனுப்பி, அதை உட்கொண்ட இரத்தம் நொடிநேரம் சூடாகி எழுப்பும் ஒலியைக் கேட்கும் முறை இன்னும் கெட்டிக்காரத்தனமானது: ஒளியைவிட ஒலி தசையில் மிகக் குறைவாகவே சிதறுவதால் சில சென்டிமீட்டர் ஆழம் வரை படம் கிடைக்கிறது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 2007இல், ஒளி ஊடுருவாத வெள்ளைப் பூச்சு ஒன்றின் வழியாக, ஒளியின் அலைமுகப்பை, அதாவது அலைகள் அணிவகுத்து முன்னேறும் வடிவத்தை, முன்கூட்டியே திருத்தி அனுப்பி, மறுபக்கம் ஒரு புள்ளியில் குவித்துக் காட்டினார்கள். அதுவும் அசையாத பூச்சில்தான், மூச்சு வாங்கும் உடம்பில் அன்று. இவற்றுள் எதுவும் கல்யாண மண்டபத்தில் திரை கட்டி வைக்கும் விளக்கு இல்லை.

தோலின் நிறத்தைப் பற்றி உங்களில் எவரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டரும் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியில்தான் இயங்குகிறது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இரத்தத்தில் ஆக்சிஜன் அபாயமாகக் குறைந்திருந்தும் கருவி நன்றாகவே காட்டிய நிலை, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக நேர்ந்ததைக் காட்டியது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அந்த ஒளியில் ஒரு பங்கை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எடுத்துக்கொள்கிறது. வெயிலில் கதிரறுக்கும் நம் பெண்களின் தோலில் ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்காமல், குளிர்நாட்டுத் தோலில் சோதித்த அளவீட்டை வைத்துக்கொண்டு 'நார்மல்' என்று எழுத எவருக்கும் உரிமை இல்லை. இப்படிப்பட்ட கருவியை வாடகைக்குத் தரும் ஒருவரிடம், வாங்குகிறவனைப்போல் தொலைபேசியில் பேசி, எவ்வளவு ஆழம் வரை தெரியும் என்று கேட்டேன். 'ஃபுல் டெப்த் சார்' என்றார். எத்தனை சிறிய கட்டி தெரியும் என்றதற்கு, 'எல்லாம் தெரியும் சார்' என்றார். யாருடைய தோலில், எத்தனை பேரின் பயாப்சி முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள் என்றதும் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. சிக்னல் பிரச்சினையாகவும் இருக்கலாம்.

இனி, வெளிச்சம் உண்மையாகவே கைகொடுக்கும் இடங்களைச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் பணமும் உழைப்பும் அங்கே போனால் பலன் உண்டு. மிளகு கண்ணாடியை ஒட்டி வந்ததும் தெரிந்ததல்லவா? புற்றுநோய் தொடங்குவதே மேற்பரப்பில் என்றால் சிதறல் நமக்கு எதிரி இல்லை, சில நேரம் சாட்சியாகவே நிற்கும். கருப்பை வாயில் 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலக் கரைசலை, அதாவது வினிகரை, தடவி ஒரு நிமிடம் காத்திருந்து நல்ல விளக்கொளியில் பார்க்கும் சோதனையை அறிந்திருப்பீர்கள். மாறத் தொடங்கிய உயிரணுக்களில் உட்கருவும் புரதமும் மிகுதி. அமிலம் பட்டதும் அப்புரதம் தற்காலிகமாகத் திரண்டு, விழும் ஒளியை முன்னிலும் அதிகமாகத் திருப்பிச் சிதறடிக்கிறது. அதனால் அந்த இடம் மட்டும் முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோல் வெளுத்துத் தெரிகிறது. கேமராவோ கணினியோ இல்லை. ஒளிச்சிதறலையே அடையாளமாகக் கொண்டு, பயிற்சி பெற்ற செவிலியரின் கண் படிக்கும் படம் அது.

இதை நிரூபித்துக் காட்டிய இடம் எது தெரியுமா? 1985 வரை நம் மதுரை மாவட்டத்தோடு இருந்த திண்டுக்கல். அங்கே ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையின் மருத்துவ மையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து 2000இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களைச் செவிலியர்கள் இம்முறையில் பரிசோதித்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் ஏற்பாடு செய்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதிக்காத ஊர்க்குழுக்களோடு ஒப்பிடும்போது கருப்பை வாய்ப் புற்றுநோய் தோன்றுவது 25 விழுக்காடும், அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தது. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டும் ஆய்வு நம் பேருந்து போகும் தூரத்தில் நடந்திருக்க, நாம் எங்கிருந்தோ வந்த சிவப்பு விளக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது உலக சுகாதார நிறுவனம், இப்புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. சோதனையையே முதலில் செய்யச் சொல்கிறது. அது கிடைக்கும் இடத்தில் அதைச் செய்யுங்கள், கிடைக்காத இடத்தில் வினிகர் சோதனை இருக்கிறது.

வாயும் அப்படித்தான். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம் பகுதியில், ஒரு டார்ச்சும் மரக்குச்சியும் கொண்டு கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்த்தால் வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும் கண்ணில் படும். திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வின் 2005ஆம் ஆண்டு முடிவு, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்று இறப்பு இப்படிப் பார்ப்பதாலேயே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததைக் காட்டியது.

மார்பகத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பயிற்சி பெற்ற பெண் செவிலியரின் கை அந்த விளக்கைவிட மேல். மும்பையில் இருபது ஆண்டுகள் நடந்த ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஆகவே அந்த மேசையில் விளக்கை எடுத்துவிட்டு ஒரு செவிலியரை உட்கார வையுங்கள். விளக்குக் கருவியை எவரேனும் ஆய்வுக்காகக் கொண்டுவந்தால், அது ஆய்வு என்பதை அந்தப் பெண்களிடம் தமிழில் சொல்லி ஒப்புதல் பெற்று, நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் காட்டச் சொல்லி, மாமோகிராமையும் பயாப்சியையும் கூடவே செய்து ஒப்பிடும் ஏற்பாடு இருந்தால் மட்டும் இடம் கொடுங்கள். எந்த நிலையிலும், கட்டி தட்டுப்படுகிறது என்று ஒரு பெண் தன் வாயால் சொன்ன பிறகு, எந்தக் கருவியும் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அவருடைய பெயரைத் தனி நோட்டில் எழுதி, அரசு மருத்துவமனைக்குப் போய்வரப் பேருந்துக் காசும் கூடப்போக ஒரு ஆளும் கொடுத்து, பதினைந்து நாளுக்குள் என்ன ஆயிற்று என்று கேட்டு அந்த நோட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று ஃபிளெக்ஸ் பேனரில் போடுகிறீர்கள். இந்த நோட்டைப் பேனரில் போட முடியாதுதான்.

சீட்டில் அச்சடிக்கும் வாசகத்தையும் மாற்ற வேண்டுகிறேன். 'நார்மல்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'இன்றைய பரிசோதனையில் தெரியவில்லை. கட்டியோ, காம்பிலிருந்து கசிவோ, தோலில் சுருக்கமோ இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டவும்' என்று பெரிய எழுத்தில் போட்டால், அச்சகத்தில் அதற்காகக் கூடுதல் காசு கேட்கமாட்டார்கள்.

உங்கள் சங்கக் கூட்டங்களுக்கு அழைத்தால் ஞாயிறு, செவ்வாய் தவிர எந்த நாளிலும் வருவேன். செவ்வாய்க்கிழமை அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரும் ஒரு கரண்டிப் பாலும் நீங்கள் தந்தால் போதும். டார்ச்சும் நூலும் மிளகும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருநகர், மதுரை.